வக்கீல் வைக்கப் பணமில்லை, இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும்?

உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே கிடைக்கும். மாவட்ட அளவில் சட்டப்பணிகள் ஆணைக்குழு, தாலுகாவில் வட்ட சட்டப்பணிகள் குழு. இரண்டும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குபவை. மனு எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்வார்கள்.

பரம ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுவதுதான் வருத்தம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. கணவர் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்று சொல்லி ஒரு பெண்ணின் மனுவைத் தள்ளக் கூடாது. வக்கீல் கட்டணத்தோடு நீதிமன்றக் கட்டணமும் இதில் அடங்கும்.

அப்புறம் ஒன்று: அவர்கள் நியமித்த வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுச் செயலாளரிடம் புகார் சொல்லுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.