சூடான பெருநட்சத்திரங்களின் நிறமாலை: கேளுங்கள், சொல்கிறேன்

ஓ, பி என்ற மிகச் சூடான வகை நட்சத்திரங்களின் நிறமாலையை மாதிரி வளிமண்டலத்தோடு (கணினியில் கணக்கிட்ட நட்சத்திர வளிமண்டலம்) ஒப்பிட்டு அலசுவதில் எங்கே சிக்கினாலும் இங்கே கேட்கலாம்.

கேள்வி: அக்கா, சூரியனுக்குப் போடும் எல்.டி.இ. (ஒவ்வொரு இடத்திலும் அங்கங்கே வெப்பச் சமநிலை இருப்பதாகக் கொள்ளும்) மாதிரியையே 40,000 கெல்வின் நட்சத்திரத்துக்கும் போட்டால் என்ன?

பதில்: போடலாம், விடைதான் தப்பாக வரும். மோதல்கள் மிகுந்த இடத்தில் அங்குள்ள வெப்பநிலையும் அடர்த்தியும் தெரிந்தால் போதும், எந்த ஆற்றல் மட்டத்தில் எத்தனை அணுக்கள் என்பதை சாஹா, போல்ட்ஸ்மான் சமன்பாடுகளே சொல்லிவிடும். ஓ வகையில் கதிர்வீச்சின் கைதான் ஓங்கியிருக்கிறது; வேறொரு ஆழத்திலிருந்து கிளம்பி வந்த ஒளி இங்குள்ள அணுவை மேலும் கீழும் தள்ளுகிறது. அதனால் ஒவ்வொரு மட்டத்தின் வரவு செலவையும் கதிர்வீச்சுப் பரிமாற்றத்தோடு சேர்த்தே தீர்த்தாக வேண்டும்.

கேள்வி: மாதிரி போடும் கணினி நிரல்களான டிலஸ்டி, ஃபாஸ்ட்விண்ட், சிஎம்எஃப்ஜென், இவற்றில் எதை எடுக்க?

பதில்: காற்று (நட்சத்திரம் வெளியே வீசும் வாயு) மெலிந்த குள்ள வகை (இன்னும் விரிந்து பெருக்காத நட்சத்திரம்) என்றால் டிலஸ்டி போதும், வளிமண்டலத்தைத் தட்டை அடுக்குகளாக, அசையாமல் நிற்பதாக அது எடுத்துக்கொள்கிறது. காற்று பலமாக வீசும் மீப்பெரும் நட்சத்திரத்துக்கு மற்ற இரண்டில் ஒன்று. நிறைய மாதிரிகள் ஓட்ட வேண்டுமா, ஃபாஸ்ட்விண்ட். புறஊதாவில் நெருக்கியடிக்கும் இரும்புக் கோடுகளை விவரமாகப் பார்க்க வேண்டுமா, சிஎம்எஃப்ஜென், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

கேள்வி: 4471 (நடுநிலை), 4541 (அயனி) ஆங்ஸ்ட்ராம் அலைநீள ஹீலியம் கோடுகளின் விகிதத்தில் வெப்பநிலை, எச்-காமா என்ற ஹைட்ரஜன் கோட்டின் சிறகில் (இருபுறமும் அகலும் ஓரத்தில்) மேற்பரப்பு ஈர்ப்பு என்று தனித்தனியாக எடுக்கிறேன். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது நகர்கிறது.

பதில்: நகரத்தான் செய்யும். ஈர்ப்பைக் கூட்டினால் அடர்த்தி கூடும், எலக்ட்ரான்கள் அயனிகளோடு எளிதாகச் சேரும், 4541-இல் உள்ள அயனி ஹீலியம் கோடு மெலியும், அதை மீட்க வெப்பநிலையை ஏற்ற வேண்டிவரும், ஏற்றினால் சிறகு ஒடுங்கும். இரண்டையும் சேர்த்தே தேடுங்கள். அப்புறம், நடுநிலை ஹீலியத்தில் 4387, 4922 போன்ற ஒற்றைநிலைக் கோடுகளை (இரு எலக்ட்ரான்களின் சுழற்சி எதிரெதிராக உள்ளவை) ஓ வகையில் நம்பி இறங்காதீர்கள். 584 ஆங்ஸ்ட்ராமில் உள்ள ஹீலியம் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புக் கோடுகளை மாதிரி எப்படிக் கையாள்கிறது என்பதைப் பொறுத்து அவற்றின் வலிமையே மாறிவிடும். 4471 மும்மைநிலைக் கோடு (சுழற்சி ஒரே திசையில்), அந்தத் தொல்லை குறைவு. நட்சத்திரம் நெபுலாவுக்குள் இருந்தால் மட்டும் 4471 கோட்டின் நடுப்பகுதியை ஒதுக்கிவிட்டுப் பொருத்துங்கள், அங்கே நிரம்பியிருப்பது வாயுவின் ஒளி.

கேள்வி: பி2 நட்சத்திரத்தில் அயனி ஹீலியமே காணோம்!

பதில்: சிலிக்கனுக்குப் போங்கள். அதன் அடுத்தடுத்த அயனிகளின் கோடுகளை ஒப்பிட்டால் வெப்பநிலை கிடைக்கும்.

கேள்வி: எச்-ஆல்ஃபா என்ற ஹைட்ரஜன் கோட்டிலிருந்து எடுத்த நிறையிழப்பு வீதத்தை (நட்சத்திரம் காற்றில் எவ்வளவு வேகமாகப் பொருளை இழக்கிறது என்பதை) அப்படியே எழுதலாமா?

பதில்: காற்று சீராக வீசுகிறது என்று வைத்துக்கொண்டீர்களா? அந்த உமிழ்வு அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. காற்று திட்டுத்திட்டாக இருந்தால் குறைந்த பொருளே அதே உமிழ்வைத் தரும். திரட்டுக் காரணி (திட்டுகளின் அடர்த்தி சராசரியைப்போல் எத்தனை மடங்கு என்பது) 10 என்றால், அதன் வர்க்கமூலத்தால் வகுக்க, உண்மை வீதம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். எழுதும்போது எந்தக் காரணியை வைத்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், இல்லையென்றால் அந்த எண்ணை யாரும் இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.