ஜப்பானில் நன்றி – கடிதம்

வணக்கம் ஐயா,

வேலைக்காக யோகோஹாமா வந்திருக்கிறேன். வந்த புதிதில் வீடு பார்க்கவும், வார்டு அலுவலகத்தில் முகவரி பதியவும் எங்கள் அலுவலக மூத்த அம்மையார் ஒருவர் கூடவே வந்து உதவினார். ஊருக்குப் போய் வந்தபோது அவருக்குக் காஞ்சிபுரம் பட்டுப் புடவை வாங்கி வந்து கொடுத்தேன். சந்தோஷப்பட்டதைவிடச் சங்கடப்பட்ட மாதிரிதான் தெரிந்தது. அடுத்த வாரமே விலை உயர்ந்த ஒரு தேயிலைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உதவியும் அவரே செய்து, பரிசும் அவரே தருவதா? அவர் மனம் புண்பட்டுவிட்டதா? நான் மறுபடி ஏதாவது தர வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

புண்படவில்லை, கவலை வேண்டாம். அவர் தந்தது 'ஒகாஎஷி', பதில் பரிசு. கல்யாணம், குழந்தைப் பேறு, சாவு எதற்கு ஏதாவது வந்தாலும், வந்த மதிப்பில் ஏறக்குறைய பாதிக்குத் திருப்பிச் செய்வது அங்கே வழக்கம். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் 'கோதென்' என்று உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். பெயர், முகவரி எழுதி வைக்கப்படும். பிறகு அந்தக் குடும்பம் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ கணக்கிட்டு, தேயிலை, நோரி (உண்ணும் கடற்பாசித் தாள்) என்று பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருளாக அனுப்பும். எழுதி வைப்பது வரை நம் மொய் மாதிரிதான். ஆனால் மொய்யை நாம் கூட்டித் திருப்புவோம், அவர்கள் குறைத்துத் திருப்புகிறார்கள். பாரம் ஏறிக்கொண்டே போகாது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

பட்டுப் புடவை விலையில் பாதி என்றால் யாருக்கும் கையைக் கடிக்கும். அவர் சங்கடம் அதுவாகத்தான் இருக்கும். இப்போது நீங்கள் இன்னொன்று கொடுத்தால் பாவம், அவர் மறுபடி கடைக்குப் போக வேண்டும். அடுத்த முறை ஊரிலிருந்து வரும்போது, தனித்தனியாகச் சுற்றிய பலகாரம் ஒரு பெட்டி போதும். அலுவலகத்தில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள்.

அங்கே பரிசைவிட முக்கியம், நன்றியை மறுபடி சொல்வது. மேலதிகாரி சாப்பாடு வாங்கித் தந்தால் கடையிலேயே 'கொச்சிசோசாமா தெஷிதா', சாப்பாட்டுக்கு நன்றி என்பார்கள். மறுநாள் காலை பார்த்ததும் 'கினோ வா அரிகதோ கொசைமாஷிதா', நேற்றைக்கு நன்றி என்று இன்னொரு தடவை. சில நாள் கழித்துப் பார்த்தாலும் 'சென்ஜிட்சு வா' என்று தொடங்கி, அன்றைக்குச் செய்ததற்கு நன்றி சொல்வார்கள். நம் ஊரில் "அதையே எத்தனை தடவை சொல்வீங்க, விடுங்க" என்போம். அங்கே சொல்லாமல் விட்டால் மறந்துவிட்டதாகத் தோன்றும். செய்த உதவி இன்னும் நினைவில் இருக்கிறது என்று கேட்பது எவ்வளவு இதமாக இருக்கும்!

அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை என்றால் முதலில் பிரியுங்கள். பச்சைத் தேயிலையாக இருந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், கசந்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள், பால் வேண்டாம். குடித்துவிட்டு, அவரைப் பார்த்ததும் டீ எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். அப்படியே, வார்டு அலுவலகத்துக்குக் கூட வந்ததையும் சொல்லி இன்னொரு முறை நன்றி சொல்லிவிடுங்கள்.