வலுவில்லாமல் பிணைந்த மூன்று துகள்கள், அணுக்கருவிலும் குளிர்ந்த வாயுவிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வது ஏன்?

ஏனென்றால் அந்தத் துகள்கள் பெரும்பாலான நேரம் ஒன்றின் விசை இன்னொன்றை எட்டாத தூரத்தில்தான் இருக்கின்றன. அப்படி இருக்கும்போது விசை எங்கிருந்து வருகிறது, உள்ளே எப்படி வளைந்து நெளிகிறது என்பதெல்லாம் பெரிதாகப் பொருட்டில்லை.

ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்ரானின் பிணைப்பாற்றல் 2.22 மெகா எலக்ட்ரான் வோல்ட். அணுக்கரு அளவில் இது ரொம்பக் குறைவு. இரண்டு நியூட்ரான்கள் மட்டும் என்றால் பிணைப்பே கிடையாது, மயிரிழையில் தவறிவிடுகிறது. குறைந்த ஆற்றலில் இரண்டு துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கின்றன என்பதைச் சொல்லும் சிதறல் நீளம் அவற்றுக்குச் சுமார் மைனஸ் 19 ஃபெம்டோமீட்டர், விசை எட்டும் தூரமான வீச்சோ ஒன்றிரண்டு ஃபெம்டோமீட்டர்தான். சிதறல் நீளம் இப்படி வீச்சைவிடப் பல மடங்கு பெரிதானால், குறைந்த ஆற்றலில் இரண்டு துகள்களின் கதை முழுக்க ஏறக்குறைய அந்த ஒரே எண்ணில் அடங்கிவிடும்.

மூன்றாவது துகள் வந்தால் அது போதாது. வீச்சைச் சுழியமாக்கினால் மூன்று துகள்களின் பிணைப்பாற்றல் எல்லையே இல்லாமல் அதிகரித்துவிடும் என்று 1935-லேயே இயற்பியலாளர் தாமஸ் காட்டிவிட்டார், அதனால் மூன்று துகள்களுக்கென்று இன்னொரு எண்ணும் வெளியிலிருந்து வேண்டும். சரி, ஒன்று போதுமா? போதும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று பிலிப்ஸ் கோடு. இரண்டு துகள் அளவீடுகளோடு நன்றாகப் பொருந்தும் வெவ்வேறு அணுக்கரு விசை மாதிரிகளை எடுத்து, டிரைட்டானின் (ஒரு புரோட்டான், இரண்டு நியூட்ரான்கள்) பிணைப்பாற்றலையும் நியூட்ரான்-டியூட்ரான் சிதறல் நீளத்தையும் கணக்கிட்டால், மாதிரிக்கு மாதிரி விடை வேறுபடும், ஆனால் அந்த விடைகளை வரைபடத்தில் குறித்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து விழும்! ஒன்றைச் சொன்னால் மற்றது தானே கிடைத்துவிடுகிறது.

1970-ல் இயற்பியலாளர் எஃபிமோவ் கண்டது இதன் உச்சம். சிதறல் நீளம் முடிவிலியை நெருங்கினால் ஒரே மாதிரியான மூன்று போசான்களுக்கு (ஒரே நிலையில் பல சேர்ந்திருக்கக்கூடிய துகள் வகை) எண்ணற்ற பிணைப்பு நிலைகள் வரும், ஒவ்வொன்றும் முந்தையதைவிட 22.7 மடங்கு பெரிது, ஆற்றல் 515 மடங்கு குறைவு. அவர் யோசித்தது அணுக்கருவை வைத்து, ஆனால் முதல் சோதனைச் சான்று 2006-ல் இன்ஸ்ப்ரூக்கில் மிகக் குளிர்ந்த சீசியம் வாயுவில்தான் கிடைத்தது. அங்கே காந்தப்புலத்தை மாற்றியே சிதறல் நீளத்தை வேண்டிய அளவுக்குக் கொண்டுபோகலாம், அணுக்கருவில் இயற்கை கொடுத்ததுதான். அடுத்த நிலைக்கு இன்னொரு 22.7 மடங்கு இடம் வேண்டும், அது அணுக்கருவில் இல்லை, அதனால் டிரைட்டான் ஒற்றை நிலையோடு நின்றுவிடுகிறது.

அப்புறம் லித்தியம்-11, அதாவது லித்தியம்-9 கருவும் அதைச் சுற்றித் தளர்வாக ஒட்டிய இரண்டு நியூட்ரான்களும். இரண்டு நியூட்ரான்களையும் பிரித்தெடுக்க வெறும் 0.37 மெகா எலக்ட்ரான் வோல்ட் போதும், ஒன்றை மட்டும் எடுத்தால் மீதி தாங்காது, ஏனென்றால் லித்தியம்-10 பிணைந்ததில்லை. இதைப் பார்த்ததும் பலர் எஃபிமோவ் நிலை என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த இரண்டும் சேராமல் மூன்றும் சேர்வது வேறு, எஃபிமோவ் விளைவு வேறு. பின்னதற்குக் கோண உந்தம் இல்லாத எஸ் அலை வேண்டும், லித்தியம்-11-ல் அந்த நியூட்ரான்களின் பங்கில் பாதிக்குக் கிட்ட கோண உந்தம் உள்ள பி அலை.