அயர்லாந்து இலக்கியத்தை வாசிக்க அந்நாட்டு வரலாறு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கவிஞர் யேட்ஸையும் நாவலாசிரியர் ஜாய்ஸையும் வாசித்ததாகவும், பாதிக்கு மேல் பிடிபடவில்லை என்றும், முதலில் அயர்லாந்து வரலாற்றைப் படித்துவிட்டு வரவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். 500 பக்க வரலாற்றை முடித்த பிறகுதான் கதை என்று வைத்துக்கொண்டால் கதைக்கு வந்து சேரவே மாட்டீர்கள். அதற்குப் பதில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஐரிஷ் படைப்பை எடுத்தாலும் முதல் பக்கத்தில் பென்சிலால் இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்: கதை நடக்கும் ஆண்டு, அது அச்சேறிய அல்லது மேடையேறிய ஆண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே நாட்டில் என்ன நடந்தது என்பதை மட்டும் தேடிப் படியுங்கள். பழைய காலத்தை மேடையில் நிறுத்தி, தம் காலத்தோடு வழக்காடுவது அந்நாட்டு எழுத்தாளர்களின் பழக்கம். ஒரு ஆண்டை மட்டும் வைத்துப் படித்தால் வழக்கில் ஒரு தரப்பு மட்டுமே காதில் விழும்.

பிரையன் ஃப்ரீலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகத்தில் தொடங்கலாம். மூன்றே அங்கம், ஒரே மாலையில் முடித்துவிடலாம். பென்சிலில் எழுதவேண்டியது 1833 / 1980.

1833இல் டொனகல் பகுதியில் ஒரு கற்பனைக் கிராமம். பழைய தொழுவம் ஒன்றில் ஊர்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. லத்தீனும் கிரேக்கமும்கூடச் சொல்லித்தருகிறார்கள். பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள் ஒரு மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவில் வரைபடம் போட வருகிறார்கள். கூடவே ஊர்ப் பெயர்களை ஆங்கிலமாக்குகிறார்கள். ஐரிஷில் 'ஆற்றின் வாய்' என்று பொருள்தரும் இடம் 'பர்ன்ஃபுட்' ஆகிறது. எல்லாப் பாத்திரங்களும் ஆங்கிலத்தில்தான் பேசுகின்றன. ஆனால் கிராமத்தார் பேசுவதை ஐரிஷ் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாத ஆங்கிலேய அதிகாரி யோலண்டும் கிராமத்துப் பெண் மோயாவும் காதலிக்கும் காட்சியில், பார்வையாளருக்கு மட்டும் இரண்டு பேச்சும் புரிகிறது. ஐரிஷ் பேச்சையும் ஆங்கிலத்தில்தான் கேட்கிறோம் என்பதிலேயே அந்த மொழிக்கு என்ன ஆயிற்று என்பது தெரிந்துவிடுகிறது.

'தோபர் வ்ரீ' என்ற நாற்சந்தி வரும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். தோபர் என்றால் கிணறு. வ்ரீ என்பது பிரையன் என்ற பெயரின் தேய்ந்த வடிவம். அந்தக் கிணற்றில் மூழ்கி இறந்தவன் பிரையன். கிணறு தூர்ந்து காலமாகிவிட்டது, கதையும் ஊரில் யாருக்கும் நினைவில்லை. இந்தப் பெயரை வைத்திருந்து என்ன பயன் என்று கேட்பவன் ஆங்கிலேயருக்கு மொழிபெயர்க்க வந்த ஐரிஷ்காரன் ஓவன். வைத்தே ஆகவேண்டும் என்பவன் ஆங்கிலேயனான யோலண்ட். யார் எந்தக் கட்சி என்று ஃப்ரீல் சுலபமாகப் பிரித்துத் தருவதில்லை.

முதல் அங்கத்தில் வயலிலிருந்து 'இனிப்பு வாடை' வருகிறதாம் என்று ஒரு பேச்சு வந்து போகும். உருளைக்கிழங்கு அழுகும்போது வரும் வாடை அது. இந்த ஊரில் எப்போது கிழங்கு பொய்த்தது என்று மோயா அதட்டிவிடுகிறாள். 1845இல் நோய் தாக்கி, 1852 வரை நீண்ட பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிடச் சற்று அதிகமானோர் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிகளில்தான் அடி பலமாக விழுந்தது. அரங்கில் இருப்பவர்களுக்கு இது தெரியும், மோயாவுக்குத் தெரியாது.

இனி இரண்டாவது ஆண்டு. 1980 செப்டம்பர் 23 அன்று, பிரிட்டனின் ஆட்சியில் இருக்கும் வட அயர்லாந்தில், டெர்ரி நகர மன்றமான கில்டுஹாலில் முதல் காட்சி. 1972 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்த நகரம் அது. 1980இலும் தெருவில் ராணுவம் நின்றது. மேடையில் சீருடைக்காரர்கள் வரைபடத்தோடு வந்தபோது, பார்த்தவர்கள் 1833ஐ மட்டும் பார்க்கவில்லை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: நாடகத்தையே வரலாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வரைபடம் போட்ட அந்த நில அளவைக் குழு ஜான் ஓ'டோனவன் என்ற ஐரிஷ் அறிஞரை வைத்து ஊர்ப் பெயர்களின் மூல வடிவங்களைத் தேடித் தொகுத்தது. இன்றும் இடப்பெயர் ஆய்வுக்கு அவை உதவுகின்றன. ஊரைக் காலிசெய்வோம், கால்நடைகளைக் கொல்வோம் என்று நாடகத்தின் கடைசியில் வரும் மிரட்டல் அந்த அளவைப் பணியின் வரலாற்றில் இல்லை. அந்தக் கோபம் இரண்டாவது ஆண்டுக்கு உரியது.

யேட்ஸின் 'ஈஸ்டர், 1916' கவிதையில் இடைவெளி சிறியது. ஆனால் கவிதையே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கியது 1916 ஏப்ரல் 24. கிளர்ச்சியாளர்கள் வெளியிட்ட குடியரசு அறிவிப்பில் பெயரிட்ட 7 பேரும் மே 12க்குள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் பியர்ஸ், மெக்டோனா, பிளங்கெட் மூவரும் கவிஞர்கள். யேட்ஸ் கவிதையின் கீழ் இட்ட தேதி அதே ஆண்டு செப்டம்பர் 25. நண்பர்களுக்காக 25 பிரதிகள் மட்டும் அச்சானது. பொதுவாசகர் கைக்கு வந்தது 1920 அக்டோபரில். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது, கார்க் நகர மேயர் மக்ஸ்வினி உண்ணாவிரதமிருந்து சிறையில் உயிர்விட்டதும் அதே மாதம்தான்.

அடிகளை எண்ணிப் பாருங்கள்: நான்கு பத்திகளில் 16, 24, 16, 24. ஆண்டு 16, தேதி 24. இந்த மரணங்கள் வீண்தானோ, இங்கிலாந்து சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் கூடுமே என்று கடைசிப் பத்தியில் ஒரு சந்தேகம் வரும். 1914இல் அயர்லாந்துக்கான தன்னாட்சிச் சட்டம் நிறைவேறி, உலகப் போர் முடியட்டும் என்று நிறுத்திவைக்கப்பட்டிருந்தது தெரிந்தால்தான் அந்த அடி புரியும். தான் காதலித்த மாட் கானை மணந்து துன்புறுத்தியவர் என்று யேட்ஸ் வெறுத்த மக்பிரைடும் கவிதையின் இறுதியில் வரும் பெயர்ப் பட்டியலில் இருக்கிறார். வெறுப்பை மறைக்காமலே பெயரைச் சேர்த்திருக்கிறார் யேட்ஸ். இதை வெறும் வீரவணக்கமாகப் படிப்பவர்கள் கவிதையின் பாதியை இழக்கிறார்கள்.

(சென்னைக்கும் இதில் தொடர்புண்டு. டப்ளின் நாடக இயக்கத்தின் ஆரம்பக் காலக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் 1915இல் அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' இதழுக்கு வந்தார். கிளர்ச்சியாளர்களைப் புகழ்ந்து எழுதியதால் அந்த வேலையை இழந்தார்.)

ஜாய்ஸை 'யுலிசஸ்' நாவலில் தொடங்காதீர்கள். 'டப்ளினர்ஸ்' தொகுப்பின் 15 கதைகளில் 'ஐவி டே இன் த கமிட்டி ரூம்' என்ற ஒன்றைப் படியுங்கள். நகராட்சித் தேர்தலுக்குக் கூலிக்கு வாக்குக் கேட்பவர்கள் ஒரு குளிர்ந்த அறையில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் குடிக்கிறார்கள். கார்க் திருகி கையில் இல்லாததால் பாட்டிலைக் கணப்பருகே வைக்கிறார்கள். சூட்டில் கார்க் 'பொக்' என்று தெறிக்கிறது. அவ்வளவுதான் நடக்கும். பார்னெல் யாரென்று தெரியாவிட்டால் கதையே இல்லாத கதை. தன்னாட்சிக்காக நாடாளுமன்றத்தில் கட்சியை ஒன்றாகக் கட்டியவர். 1890இல் ஒரு விவாகரத்து வழக்கில் பெயர் அடிபட, கட்சி உடைந்தது, ஆயர்கள் எதிர்த்தார்கள். 1891 அக்டோபர் 6 அன்று 45 வயதில் இறந்தார். அந்த நாளில் அவர் நினைவாகச் சட்டையில் ஐவிக் கொடியின் இலையைக் குத்துவார்கள். கதையில் ஒருவர் பார்னெலுக்கான இரங்கற்பாவை எழுந்து சொல்லி முடிக்கிறார். எல்லோரும் கைதட்டி அடங்கியதும் பாட்டில் 'பொக்' என்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். கத்தோலிக்கர் என்றால் தேசியவாதி, புராட்டஸ்டன்ட் என்றால் ஆங்கிலேயர் பக்கம் என்று பிரிக்காதீர்கள். பார்னெல், யேட்ஸ், நாடகாசிரியர்கள் லேடி கிரெகரி, ஷான் ஓ'கேசி எல்லோரும் புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் பிறந்தவர்கள். மற்றது, இந்த இலக்கியம் ஆங்கிலத்தோடு முடிவதில்லை. மார்ட்டின் ஓ கைன் ஐரிஷில் எழுதிய 'க்ரே ந கில்ல' 1949இல் வந்த நாவல். கல்லறையில் கிடக்கும் பிணங்கள் ஓயாமல் ஊர்வம்பு பேசுகின்றன. அது ஆங்கிலத்தில் புத்தகமாகக் கிடைக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரிசையில் கடைசியாக, கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்'. பென்சிலில் 1985 / 2021. நியூ ராஸ் ஊரில் கிறிஸ்துமஸ் நேரம், நிலக்கரி வியாபாரி ஒருவர் கன்னியர் மடத்துக்குச் சரக்குக் கொண்டுபோகிறார். அங்கே சலவைக்கூடத்தில் பெண்கள் அடைபட்டிருப்பதைக் கண்டுகொள்கிறார். இத்தகைய கூடங்களில் கடைசியானது 1996இல்தான் மூடப்பட்டது. அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். இந்தக் குறுநாவலுக்கு மூன்றாவது ஓர் ஆண்டையும் எழுதுங்கள்: 1916. தேசத்தின் குழந்தைகள் அனைவரையும் சமமாகப் பேணுவோம் என்ற குடியரசு அறிவிப்பின் வாசகத்தைத்தான் கீகன் முகப்பில் வைத்திருக்கிறார். அறிவிப்பு முழுவதும் ஒரே தாள். முதலில் அதைப் படித்துவிட்டு, பிறகு நாவலைத் திறங்கள்.