மழைநாள் பூசணிச் சொதி திரிந்துபோனால்

பூசணிச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) ஏன் கெட்டது என்று கேட்ட சுங்கை சிப்புட் அக்கா, தேங்காய்ப்பால் திரிந்ததும் கீரை கறுத்ததும் ஒரே காரணத்தால்தான்: புளியை ஊற்றி, மூடி போட்டுக் கொதிக்க விட்டிருக்கிறீர்கள். சொதிக்குப் புளியே வேண்டாம்.

நாலு பேருக்கு 2 கப் இரண்டாம் பாலில் (இரண்டாவதாகப் பிழிந்த நீர்த்த தேங்காய்ப்பால்) கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், உப்பு, கீறிய பச்சைமிளகாய், இஞ்சி, ஒரு கேரட் சேர்த்து அடுப்பில் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து 300 கிராம் பூசணி, பெரிய துண்டுகளாக. சின்னதாக நறுக்கினால் கரைந்துவிடும். கத்தி இறங்கியதும் பச்சைக் கீரை, மூடாமல் 2 நிமிடம். (சிவப்புக் கீரை போட்டால் சொதியே ரோஸ் நிறமாகிவிடும்!) அடுப்பைத் தணித்து, கெட்டிப்பால் (முதலில் பிழிந்த தேங்காய்ப்பால்) 1 கப் ஊற்றிக் கிளறுங்கள். ஓரத்தில் நுரை கட்டினால் உடனே அடுப்பை நிறுத்துங்கள்.

கடையில் வாங்கும் பெட்டித் தேங்காய்ப்பாலென்றால் கொஞ்சத்தை நீர்விட்டு இரண்டாம் பாலாக்கலாம். புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு, சொதியை இறக்கி, சூடு தணிந்த பிறகே.