பிக் டென் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பேர் பிக் டென். ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் 5 அணிதான் இருக்கிறதா அண்ணா?

ஆமாம் தம்பி. பிக் டென் என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு லீக். 2024 முதல் அதில் 18 பல்கலைக்கழகங்கள். ஆனால் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி இருப்பது மிச்சிகன், ஓஹியோ ஸ்டேட், பென் ஸ்டேட், இல்லினாய், நெப்ராஸ்காவில் மட்டும். அயோவாவும் மினசோட்டாவும் 2021 சீசனோடு மூடிவிட்டன. மினசோட்டா அணியின் ஷேன் விஸ்கஸ் அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

கேள்வி: பெண்கள் போட்டியில் 9.9 என்கிறார்கள், ஆண்களுக்கு 14 வருகிறதே?

கல்லூரிப் பெண்களுக்கு இன்னும் 10 மதிப்பெண் முறைதான். ஆண்களுக்கு ஒலிம்பிக் கணக்கு: எவ்வளவு கடினமாகச் செய்கிறார் என்பதற்கு ஒரு மதிப்பெண், எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார் என்பதற்கு 10-லிருந்து தவறுகளைக் கழித்து வரும் இன்னொரு மதிப்பெண், இரண்டையும் கூட்டுவார்கள். கீழே விழுந்தால் முழுசாக 1 போய்விடும். ஒரு கருவிக்கு 5 பேர் இறங்குவார்கள், ஐந்து பேர் மதிப்பெண்ணும் சேரும். ஒருவர் சறுக்கினால் மூடி மறைக்க இடமே இல்லை.

கேள்வி: முதல்முறை பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பாமல் ஹார்ஸை, அதாவது மேலே இரண்டு கைப்பிடி வைத்த குதிரை போன்ற கருவியை, விட்டுவிடாதீர்கள். மற்றதில் தாவுவார்கள், பறப்பார்கள். இதில் கால் குதிரையைத் தொடாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மொத்த உடம்பும் கை மேல். இடுப்பு கொஞ்சம் தாழ்ந்தாலே தாளம் தப்பும். பென் ஸ்டேட்டின் ஸ்டீஃபன் நெடோராசிக்கை நினைத்துப் பாருங்கள். பாரிஸ் 2024 அணி இறுதியில் அவருக்கு இந்த ஒரு கருவி மட்டும்தான், அதுவும் கடைசி ஆளாக. அதுவரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏறினார். 2008-க்குப் பிறகு அமெரிக்க ஆண்கள் அணிக்கு முதல் பதக்கம், வெண்கலம். அந்த ஐவருமே கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸில் வளர்ந்தவர்கள். மூவர் பிக் டென் பிள்ளைகள். நெடோராசிக்கைத் தவிர அந்த மூவரில் மற்ற இருவர் மிச்சிகனின் ஃபிரெடரிக் ரிச்சர்டும் பால் ஜூடாவும். இதனால்தான் ஓர் அணி மூடப்படும்போது எனக்குப் பதறுகிறது.

கேள்வி: இப்போது யார் பலம், ஸ்டான்ஃபோர்டா?

ஸ்டான்ஃபோர்டு பிக் டென்னில் இல்லை. தேசியப் பட்டத்தை வரிசையாக 5 முறை வென்றார்கள், சரி. 2025-இல் அதை மிச்சிகன் முறித்தது, ஒரு புள்ளிகூட முழுசாக வித்தியாசம் இல்லை.