பஸ்ஸில் மணப்பது எது?

அன்புள்ள அக்கா,

ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா மெரினோ கம்பளிப் பெனியன் இரண்டு அனுப்பியிருக்கிறார். ஐந்து நாள் தொடர்ந்து போட்டாலும் மணக்காது என்கிறார். கம்பளி கிருமியைக் கொல்லுமா? எங்கள் வெயிலுக்கு அது உதவுமா? பூச்சி அரிக்காமல் எப்படி வைத்திருப்பது? பின்னேர பஸ்ஸில் மேசன் வேலை முடித்து வருகிறவர்களின் வியர்வை நாற்றம் தாங்க முடியவில்லை. அவர்களுக்கும் இப்படி ஒன்று கிடைத்தால் நல்லது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

— ஒரு வாசகன், மீசாலை

அன்புள்ள தம்பி,

கம்பளி கிருமியைக் கொல்வதில்லை. ஆட்டு ரோமத்தில் உள்ள கொழுப்புத்தான் கிருமியை அழிக்கிறது என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. ஆனால் அந்தக் கொழுப்பின் பெரும்பகுதி நூல் நூற்பதற்கு முன்பே கழுவி எடுக்கப்பட்டுவிடுகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2007 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கமக்கட்டில் படும்படி அணியப்பட்ட துணிகளுள் கம்பளி மிகக் குறைவாகவும் பொலியெஸ்டர் மிகக் கூடுதலாகவும் மணத்தன. அப்படியிருந்தும் கம்பளியில் பற்றீரியாக்கள் நாட்கணக்காக உயிரோடுதான் இருந்தன.

எங்கள் முடியையும் நகத்தையும் போலக் கம்பளி இழையும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீராவியை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டும், தொட்டுப் பார்த்தால் உலர்ந்ததுபோல இருக்கும். மணம் தரும் அமிலங்களும் இழைக்குள் போய்க் கெரட்டினோடு பிணைந்து தங்கிவிடுகின்றன, துவைக்கும்போது வெளியேறுகின்றன. பொலியெஸ்டரோ தன் எடையில் நூற்றிலொரு பங்கு ஈரத்தைக்கூட உறிஞ்சாது; எண்ணெயை மட்டும் பிடித்தால் இலகுவில் விடாது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். வியர்வை நாறுவதில்லை, தம்பி. கமக்கட்டுச் சுரப்பிகளிலிருந்து வருவதும் வரும்போது மணமற்றதே. தோலில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அதை உடைத்த பிறகே மணம் பிறக்கிறது. அந்தப் பற்றீரியாக்கள் மேசனின் கமக்கட்டில் மட்டுமல்ல, உங்களுடையதிலும் என்னுடையதிலும் இருக்கின்றன. அவர் காலையில் கிணற்றடியில் நன்றாகக் குளித்துவிட்டு, மலிவாகக் கிடைக்கும் பொலியெஸ்டர் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு போய், நாள் முழுவதும் வெயிலில் சீமெந்து குழைத்துவிட்டு வருகிறார். நீங்கள் பஸ்ஸில் மோந்தது அந்தத் துணியை. அதை அவருடைய உடம்பின் குற்றமாக எழுதியதோடு நில்லாமல் சிரித்தும் இருக்கிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தினர் 26 பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்களுடைய ரீசேட்டுகளை ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து மோந்து பார்த்தார்கள். 2014 இல் வெளிவந்த அந்த ஆய்விலும் பருத்தியைவிடப் பொலியெஸ்டரே மோசமாக மணத்தது. மைக்ரோகொக்கஸ் என்ற பற்றீரியா அதில் செழித்து வளர்ந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு என் அண்ணாவின் நினைவு வந்தது.

1991 இல் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், அண்ணா தென்மராட்சியிலிருந்து யாழ்ப்பாணம் வரை சைக்கிளில் விறகு கட்டி விற்றார். குஞ்சியப்பா லண்டனிலிருந்து எப்போதோ அனுப்பிய நீலப் பொலியெஸ்டர் சேட்டுத்தான் அவருடைய வேலை உடுப்பு. கிழியவே கிழியாது என்பது அதற்குப் பெருமை. அம்மா பனம்பழத்தைத் தண்ணீரில் பிசைந்து களியெடுத்து, அதிலே உடுப்புத் துவைப்பார். அந்தக் களியில் சபோனின் இருப்பதால் நுரை வரும். மணத்துக்கு மாடு வந்து கொடியில் காயும் சாரத்தைச் சப்பும் என்பதால் நான் தடியோடு காவல் இருப்பேன். பருத்திச் சாரம் பனம்பழ மணத்தோடு காய்ந்துவிடும். நீலச் சேட்டோ காயும்போது ஒன்றும் மணக்காது. அண்ணா அதைப் போட்டுச் சைக்கிளை உருட்டிப் படலையைத் தாண்டுவதற்குள், உடம்புச் சூடு பட்டதும், பழைய புளித்த நெடி எழும். “குளிச்சனியோ?” என்று அம்மா ஒவ்வொரு நாளும் கேட்பார். அவர் இரண்டு வேளையும் குளித்தவர். பிறகு பிறகு எங்களோடு பாயில் இருந்து சாப்பிடாமல், கோப்பையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். நானும் மூக்கைப் பொத்தியிருக்கிறேன், தம்பி. உங்களைத் திட்டுவதில் பாதி எனக்கும் சேர வேண்டியது.

உங்கள் மற்றக் கேள்விகள் சின்னவை. சித்திரை வெயிலுக்கு மெல்லிய பருத்தியே போதும். மெரினோவை நுவரெலியாவுக்குப் போகும்போது போடுங்கள். பூச்சியின் புழு கெரட்டினைத் தின்னும். ஆகவே துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பைக்குள் வையுங்கள். சுடுநீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலசி, பிழியாமல் நிழலில் விரித்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா